இசட் சோதனை 0.062 என்கிறது, டீ சோதனை 0.034 என்கிறது: எதை எடுப்பது?

கேட்டவர் | ஜூன் 4, காலை 9.40

நிரப்பு எந்திரம் 500 மி.லி.க்கு வைக்கப்பட்டிருக்கிறது. 16 பாட்டில் எடுத்து அளந்ததில் சராசரி 497.2, திட்ட விலக்கம் 4.8. எந்திரத்தின் பழைய பதிவேட்டில் சிக்மா (எந்திரத்தின் உண்மையான திட்ட விலக்கம்) 6 மி.லி. என்று எழுதியிருக்கிறது. அந்த 6ஐ வைத்து இசட் போட்டால் பி மதிப்பு 0.062. என் 4.8ஐ வைத்து டீ போட்டால் 0.034. மிகைகாண் நிலை 5 சதவீதம், அதாவது பி மதிப்பு 0.05க்குக் கீழே போனால் "500 இல்லை" என்று முடிவு. ஒன்று "எந்திரம் சரி" என்கிறது, மற்றது "சரியில்லை" என்கிறது. எது சரியான விடை?

திட்டப்பிழை | ஜூன் 4, காலை 10.25

இரண்டு கணக்கிலும் பிசகு இல்லை. போட்டுக் காட்டுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கும் உதவும்.

இன்மை எடுகோள்: எந்திரத்தின் உண்மைச் சராசரி 500. மாற்று எடுகோள்: 500 இல்லை. வித்தியாசம் 497.2 − 500 = −2.8.

இசட்: திட்டப் பிழை = 6 ÷ √16 = 1.5. இசட் = −2.8 ÷ 1.5 = −1.87. இருபக்கத்துக்கு எல்லை 1.96. தாண்டவில்லை.

டீ: திட்டப் பிழை = 4.8 ÷ √16 = 1.2. டீ = −2.8 ÷ 1.2 = −2.33. டீ.எஃப். (வரையற்ற பாகை, இங்கே மாதிரி அளவில் ஒன்று குறைவு) 15க்கு எல்லை 2.131. தாண்டிவிட்டது.

டீ சோதனையில் தாண்ட வேண்டிய வேலி உயரம், 1.96 இல்லை 2.131. அப்படியிருந்தும் அதுதான் தாண்டியிருக்கிறது. காரணம், உங்கள் மாதிரியின் பரவல் பதிவேட்டில் உள்ளதைவிடச் சிறியது. ஆகவே "இசட்டா டீயா" என்பது இங்கே உண்மையில் "6ஐ நம்புவதா 4.8ஐ நம்புவதா" என்ற கேள்வி.

6 இப்போதும் செல்லுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. 15 × 4.8² ÷ 6² = 9.6. டீ.எஃப். 15க்குக் கை-வர்க்கப் பரவலின் நடு 95 சதவீதம் 6.26 முதல் 27.49 வரை. 9.6 உள்ளேதான் விழுகிறது. சிக்மா 6 ஆகவே இருந்து, 16 பாட்டிலில் தற்செயலாக 4.8 வந்திருக்கலாம். 6 காலாவதியானது என்று சொல்ல இந்த 16 போதாது.

பதிவேட்டின் 6 நிறைய பாட்டில்களில், இதே எந்திரத்தில், இதே வேகத்தில் கணக்கிட்டது என்றால் இசட். எங்கிருந்து வந்தது என்று தெரியாத 6 என்றால் டீ. இதை மாதிரி எடுப்பதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். இரண்டு பி மதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்கிறவருக்கு 5 சதவீதம் என்பது 5 சதவீதமாக இருக்காது.

ஓரவால் | ஜூன் 4, காலை 10.50

இன்னொரு ஆசையும் வரும், இப்போதே தடுத்துவிடுகிறேன். "குறைவாக நிரப்புகிறதா என்பதுதானே கவலை, ஒருபக்கச் சோதனை போட்டால் இசட்டிலும் 0.031 வந்துவிடுமே!" வரும். ஆனால் 497.2ஐப் பார்த்த பிறகு இடப்பக்கத்தைத் தேர்ந்தெடுப்பவர், 502.8 வந்திருந்தால் வலப்பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார். அவருடைய உண்மையான முதல் வகைப் பிழை, அதாவது சரியான எந்திரத்தைச் சரியில்லை என்று சொல்லும் வாய்ப்பு, 10 சதவீதம்.

கூடுதலாக நிரம்பினாலும் எந்திரத்தை நிறுத்திச் சரிசெய்வீர்களா? ஆம் என்றால் அது இருபக்கச் சோதனைதான். விஷயம் அவ்வளவே.

பழைய அட்டவணை | ஜூன் 4, பகல் 12.15

"30க்கு மேல் இசட், 30க்குக் கீழ் டீ" என்று யாராவது வந்து எழுதுவதற்குள் எழுதிவிடுகிறேன். அந்த விதி அட்டவணையின் இட நெருக்கடியில் பிறந்தது. பழைய டீ அட்டவணைகள் பலவும் 30 வரை வரிவரியாகக் கொடுத்துவிட்டு அப்புறம் தாவும். இன்று கணினிக்கு டீ.எஃப். 31ம் ஒன்றுதான் 3100ம் ஒன்றுதான். சிக்மா தெரியாதா, மாதிரி எவ்வளவு பெரியதானாலும் டீ போடுங்கள். பெரிய மாதிரியில் அது தானே இசட்டாகிவிடும்.

மாதிரியின் திட்ட விலக்கத்தை வைத்துக்கொண்டு 1.96ஐ எல்லையாக எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு: மாதிரி 5 என்றால் 5 சதவீதம் என்று நினைத்த பிழை உண்மையில் 12 சதவீதம். 10 என்றால் 8. 30 என்றால் 6. டப்ளினில் கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்த காசெட் 1908இல் "ஸ்டூடண்ட்" என்ற புனைபெயரில் எழுதியது இந்த இடைவெளியைப் பற்றித்தான். அவர் கையில் இருந்தவை சின்ன மாதிரிகள். திட்ட விலக்கமே ஆட்டம் காண்கிறபோது இயல்நிலைப் பரவலின் வால் போதாது என்பதைக் காட்டினார்.

கேட்டவர் | ஜூன் 4, பிற்பகல் 3.05

எக்செலில் இசட்.டெஸ்ட் போட்டேன், சிக்மா இடத்தில் 6. 0.969 என்று வருகிறது. 0.062 நான் கையால் போட்டது. எக்செல் தவறா?

திட்டப்பிழை | ஜூன் 4, பிற்பகல் 3.40

எக்செல் கொடுப்பது வலப்பக்க வால் மட்டும். உங்கள் சராசரி 500க்குக் கீழே இருப்பதால் வலப்பக்கம் 0.969 ஆகிறது. 1இலிருந்து கழித்தால் 0.031, இரண்டால் பெருக்கினால் 0.062. இரண்டும் ஒன்றுதான்.

மென்பொருள் பொறிகளை ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன்.

எக்செலின் இசட்.டெஸ்டில் சிக்மா இடத்தைக் காலியாக விட்டால் அது சத்தமில்லாமல் மாதிரியின் திட்ட விலக்கத்தை எடுத்துக்கொள்ளும். சின்ன மாதிரியில் மேலே சொன்ன 12 சதவீதப் பிழைக்கு நேர்வழி அது.

ஒரு மாதிரிக்கான டீ சோதனைக்கு எக்செலில் தனிச் சார்பு இல்லை. டீ.டெஸ்ட் இரண்டு வரிசை கேட்கும். பக்கத்துப் பத்தியில் 16 தடவை 500 என்று நிரப்பி, வகை 1, அதாவது இணை ஒப்பீடு, இருபக்கம் என்று கொடுங்கள். 0.034 வரும். டீ.டிஸ்ட்.2டீ போடுகிறவர்கள் −2.33ஐ அப்படியே கொடுத்தால் பிழைச் செய்தி வரும். குறியை நீக்கி 2.33, பிறகு 15.

திட்ட விலக்கத்துக்கு எஸ்டிடெவ்.எஸ், எஸ்டிடெவ்.பி என்று இரண்டு உண்டு. நமக்கு வேண்டியது 15ஆல் வகுக்கும் முதலாவது. பைத்தானில் நம்பை நூலகத்தின் திட்ட விலக்கம் எதுவும் சொல்லாவிட்டால் 16ஆல் வகுக்கும். அப்போது 4.8 என்பது 4.65 ஆகி, டீ −2.41க்குப் போய்விடும். சைபையின் ஒரு மாதிரி டீ சார்பை நேரடியாகக் கூப்பிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஆர் மொழியில் டீ.டெஸ்ட் சுலபம், ஆனால் மியூவை, அதாவது ஒப்பிடும் சராசரியை (இங்கே 500), கொடுக்க மறந்தால் 0 என்று எடுத்துக்கொள்ளும். "பாட்டிலில் உள்ள அளவு பூஜ்யம் இல்லை" என்று பதினாறு தசம இடத்துக்கு நிரூபித்துக் கொடுக்கும்.

பழைய அட்டவணை | ஜூன் 4, மாலை 5.10

அந்தக் கடைசி வகை முடிவு அறிக்கையாகவே அச்சேறுவதுண்டு. பி மதிப்பு நம்ப முடியாத அளவுக்குச் சின்னதாக இருந்தால் முதலில் மியூ என்ன கொடுத்தோம் என்று பாருங்கள், பிறகு மகிழலாம்.

ஓரவால் | ஜூன் 5, காலை 8.30

நேற்று யாரும் கேட்காத ஒன்று. 500 எங்கிருந்து வந்தது?

இங்கே அது எந்திரத்தில் வைத்த இலக்கு, அதில் பிழை கிடையாது. ஒரு மாதிரிச் சோதனை பொருந்தும். ஆனால் பலர் "முழுமைத் தொகுதியின் சராசரி" என்று சொல்லிக்கொண்டு எடுத்து வருவது போன மாதம் அளந்த இன்னொரு மாதிரியின் சராசரியை. உதாரணமாக 500 என்பது பழைய 40 பாட்டிலின் சராசரி, அவற்றின் திட்ட விலக்கம் 6 என்று வையுங்கள். அந்த 500க்கே திட்டப் பிழை 6 ÷ √40 = 0.95. சேர்ந்த திட்டப் பிழை, 1.2ஐயும் 0.95ஐயும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் 1.53. −2.8 ÷ 1.53 = −1.83. தாண்டியிருந்த வேலி மறுபடி உயர்ந்துவிட்டது. அது இரு மாதிரிச் சோதனை, வெல்ச் முறையில் (இரண்டு மாதிரிக்கும் தனித்தனித் திட்ட விலக்கம் வைத்து) போட வேண்டியது.

ஒப்பிடும் எண்ணுக்குப் பின்னால் ஒரு மாதிரி அளவு ஒளிந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டால் போதும்.

பழைய அட்டவணை | ஜூன் 5, காலை 9.00

அதையொட்டி இன்னொன்று. ஒரு பள்ளியின் ஒரு வகுப்பை அதே பள்ளியின் மொத்தச் சராசரியோடு ஒப்பிடுகிறார்களே, அந்த மொத்தத்துக்குள் அந்த வகுப்பும் இருக்கிறது. வகுப்பு பெரிதாக இருந்தால் தன்னைத் தானே பாதி ஒப்பிட்ட மாதிரி. மீதி வகுப்புகளின் சராசரியைத் தனியாக எடுத்து ஒப்பிட வேண்டும்.

கேட்டவர் | ஜூன் 5, காலை 11.20

சரி, 500 இலக்குதான். அப்படியானால் டீயை எடுத்து, "எந்திரம் சரியாக இருக்க 3.4 சதவீதம் வாய்ப்பு" என்று எழுதலாமா?

திட்டப்பிழை | ஜூன் 5, காலை 11.35

கூடாது. எந்திரத்தின் சராசரி உண்மையில் 500 ஆக இருந்தால், 500இலிருந்து இவ்வளவோ இதற்கு மேலோ விலகிய டீ மதிப்பு 100க்கு 3.4 தடவை வரும். "ஆக இருந்தால்" என்பது நிபந்தனை. அதைத் தூக்கி முடிவின் இடத்தில் வைக்க முடியாது. எந்திரம் சரியாக இருக்கும் வாய்ப்பு என்ன என்பதற்கு, சோதிக்கும் முன் அது எவ்வளவு நம்பத்தக்கது என்பதும் வேண்டும். இந்தச் சோதனைக்குள் அந்தத் தகவல் நுழைவதே இல்லை.

அறிக்கையில் பி மதிப்பைவிட நம்பிக்கை இடைவெளி அதிகம் சொல்லும்: 497.2 ± 2.131 × 1.2, அதாவது 494.6 முதல் 499.8 வரை. குறைவு கால் மி.லி.யாகவும் இருக்கலாம், ஐந்து மி.லி.யாகவும் இருக்கலாம். 16 பாட்டிலுக்கு அவ்வளவுதான் தெரியும்.

வரிசை | ஜூன் 5, பிற்பகல் 2.10

நேற்றிலிருந்து இசட்டும் டீயும் பேசியாகிவிட்டது. அந்த 16 பாட்டிலை எப்படி எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. ஒரே நேரத்தில் அடுத்தடுத்து எடுத்ததா, இடைவெளி விட்டு எடுத்ததா? எண்களை எடுத்த வரிசையிலேயே போடுங்கள். சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கிப் போட வேண்டாம்.

கேட்டவர் | ஜூன் 5, பிற்பகல் 3.00

கால் மணிக்கு ஒன்று. எடுத்த வரிசையில்:

506.2, 503.1, 504.2, 498.5, 502.3, 497.0, 499.2, 495.0, 498.3, 493.3, 496.3, 494.4, 491.7, 493.2, 490.2, 492.3

வரிசை | ஜூன் 5, பிற்பகல் 3.45

இசட், டீ இரண்டையும் கீழே வையுங்கள்.

முதல் 8இன் சராசரி 500.7. கடைசி 8இன் சராசரி 493.7. முதல் பாதியிலிருந்து இரண்டாம் பாதிக்குச் சராசரி 7 மி.லி. இறங்கியிருக்கிறது. நேர்கோடு பொருத்தினால் பாட்டிலுக்குப் பாட்டில் 0.93 மி.லி. சரிவு, மணிக்கு 3.7. கோட்டைக் கழித்தபின் எஞ்சும் திட்ட விலக்கம் 1.9தான். சரிவின் டீ மதிப்பு −8.9. இதற்கு அட்டவணை தேவையில்லை, வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும்.

நீங்கள் போட்ட 4.8இல் பெரும்பங்கு இந்தச் சரிவு. பாட்டிலுக்குப் பாட்டில் உள்ள இயல்பான சிதறல் அதில் சின்னப் பங்கு. 497.2 என்பது எந்திரத்தின் சராசரியே அல்ல. நாலு மணி நேரத்தில் அது கடந்துபோன பாதையின் நடுப்புள்ளி. இன்னும் ரெண்டு மணி நேரம் எடுத்திருந்தால் சராசரி இன்னும் கீழே போயிருக்கும், பி மதிப்பு இன்னும் சிறுத்திருக்கும். முதல் ரெண்டு மணி நேரத்தோடு நிறுத்தியிருந்தால் 500.7, "எந்திரம் சரி" என்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.

கோடு பொருத்தத் தெரியாதவர்களுக்கு ஒரு சுருக்குவழி: அடுத்தடுத்த பாட்டில்களின் வித்தியாசத்தைக் குறி பார்க்காமல் எடுத்துச் சராசரி போடுங்கள், இங்கே 3.19. அதை 1.128ஆல் (இரண்டிரண்டு பாட்டிலின் வித்தியாசத்துக்கான அட்டவணை மாறிலி) வகுத்தால் 2.8. இது அண்டை பாட்டில்களிலிருந்து மதிப்பிட்ட சிக்மா. சாதாரணத் திட்ட விலக்கம் 4.8. சுயேச்சையான மாதிரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். இவ்வளவு விலகினால் எண்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நகர்கின்றன என்று பொருள்.

திட்டப்பிழை | ஜூன் 5, மாலை 4.30

எண்களை வரிசையாகக் கேட்டது சரியான இடம். அண்டைத் தொடர்பு (ஒவ்வொரு பாட்டிலுக்கும் அடுத்ததற்கும் உள்ள ஒட்டுறவு) போட்டுப் பார்த்தேன், 0.59. அதை 0.6 என்று வைத்தால் சராசரியின் மாறுபாடு (1 + 0.6) ÷ (1 − 0.6), அதாவது 4 மடங்கு. திட்டப் பிழை 2 மடங்கு, 1.2 என்பது 2.4 ஆகும். டீ −1.17. 16 பாட்டில் என்பது தகவல் கணக்கில் 4 பாட்டில்.

பழைய அட்டவணை | ஜூன் 5, மாலை 5.15

அந்த 4 மடங்கு நீண்ட தொடருக்கான சூத்திரம். 16க்கு முழுச் சூத்திரம் போட்டால் 3.53 வரும். திட்டப் பிழை 1.88 மடங்கு, டீ −1.24, பயனுள்ள மாதிரி அளவு நாலரை. முடிவு மாறாது. ஆனாலும் சின்னத் தொடருக்குப் பெரிய தொடரின் சூத்திரத்தைப் போடும் பழக்கம் ஒரு நாள் காலை வாரும்.

வரிசை | ஜூன் 5, மாலை 5.50

இரண்டு பேரும் அழகாகத் திருத்துகிறீர்கள், திருத்தக்கூடாத ஒன்றை. அந்தச் சூத்திரம் ஒரு நிலையான சராசரியைச் சுற்றி அலைகிற தொடருக்கு உரியது. இங்கே சராசரியே இறங்கிக்கொண்டிருக்கிறது. 0.59 வந்ததே சரிவால்தான். கோட்டைக் கழித்துவிட்டுப் பாருங்கள், எஞ்சியவை கொஞ்சம் மேலும் கீழுமாகக் குதிக்கின்றன, ஒட்டி நகரவில்லை. "உண்மைச் சராசரி 500ஆ" என்ற கேள்விக்கு விடை தேட வேண்டுமானால் முதலில் ஓர் உண்மைச் சராசரி இருக்க வேண்டும்.

திட்டப்பிழை | ஜூன் 5, மாலை 6.05

ஒப்புக்கொள்கிறேன். −1.17ம் வேண்டாம், −1.24ம் வேண்டாம்.

ஓரவால் | ஜூன் 5, இரவு 8.20

குதிக்கின்றன என்றதும் பார்த்தேன். முதல் 12இல் ஒற்றைப்படைப் பாட்டில் ஒவ்வொன்றும் அடுத்து வந்த இரட்டைப்படைப் பாட்டிலைவிட அதிகம். எந்திரத்தில் இரண்டு நிரப்பு முனைகள் இருந்து மாறி மாறி மாட்டிக்கொண்டதோ?

வரிசை | ஜூன் 5, இரவு 8.45

கடைசி நாலில் அது தலைகீழாகிறது: 491.7க்குப் பின் 493.2, 490.2க்குப் பின் 492.3. பதினாறு எண்ணை வெறித்துப் பார்த்தால் அதில் ஜாதகமே எழுதலாம். முனை எண்ணைக் குறித்து வைத்தால் அடுத்த தடவை ஊகிக்க வேண்டியதில்லை. அதைக் குறிக்காமல் எடுக்கும் மாதிரி பாதி மாதிரிதான்.

கேட்டவர் | ஜூன் 6, காலை 10.00

பதிவேட்டைப் பார்த்தேன். அந்த 6 என்பது மூன்று மாதத்து அளவுகள் அத்தனையையும் ஒன்றாகப் போட்டு எடுத்தது. மேலே உள்ள தொட்டியை ஒவ்வொரு பணிமுறையின் தொடக்கத்திலும் நிரப்புகிறார்கள். நடுவில் நிரப்புவதில்லை. எந்திரத்தில் இரண்டு முனைகள் இருக்கின்றன, எந்தப் பாட்டில் எந்த முனையில் நிரம்பியது என்று குறிக்கவில்லை.

வரிசை | ஜூன் 6, காலை 10.20

காரணம் அதுதான் என்று தோன்றுகிறது. வால்வு திறந்திருக்கும் நேரத்தை வைத்து அளக்கும் நிரப்பியில், தொட்டியின் மட்டம் இறங்கினால் அழுத்தம் குறையும், ஓட்டம் குறையும், அதே நேரத்தில் குறைவாக விழும். உறுதி செய்ய எளிய வழி: மட்டத்தையும் அளவையும் ஒரே நேரத்தில் குறியுங்கள். நடுவில் தொட்டியை நிரப்பியவுடன் அடுத்த பாட்டில் 500க்குத் துள்ளி ஏறினால் வழக்கு முடிந்தது.

6இன் கதையும் இப்போது தெளிவு. அது மூன்று மாதச் சரிவுகளும் நிரப்பல்களும் சேர்ந்த சிதறல். அதை "எந்திரத்தின் சிக்மா" என்று எடுத்து இசட்டில் போடுவது பொருந்தாது. எல்லாப் பணிமுறைகளிலிருந்தும் குலுக்கல் முறையில் பாட்டில் எடுத்து மொத்த உற்பத்தியின் சராசரியைக் கேட்டால்தான் அந்த 6 பொருந்தும். நீங்கள் எடுத்தது ஒரு பணிமுறையின் ஒரு பகுதி.

திட்டப்பிழை | ஜூன் 6, பகல் 12.40

தொட்டி மட்டத்தை நிலைப்படுத்திய பிறகு 500ஐச் சோதிக்க எத்தனை பாட்டில் வேண்டும்? மேலே விட்டுப்போன கணக்கு.

எந்த வித்தியாசத்தைத் தவறவிடக் கூடாது என்று முதலில் முடிவு செய்யுங்கள். 2 மி.லி. என்று வைக்கிறேன். 5 சதவீத மிகைகாண் நிலை, இருபக்கம், 80 சதவீதத் திறன் (அந்த வித்தியாசம் இருந்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) என்றால்: (1.96 + 0.84)² = 7.84. அதை சிக்மாவின் வர்க்கத்தால் பெருக்கி, வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும்.

சிக்மா 6 என்றால் 71 பாட்டில். சிக்மா 2.8 என்றால் 16. சிக்மா 1.9 என்றால் 8. டீ போடுவதால் ஒவ்வொன்றிலும் இரண்டு கூட்டிக்கொள்ளுங்கள். எந்த சிக்மாவை எழுதுகிறோம் என்பதில் 71ம் 8ம் அடங்கியிருக்கிறது. நான் 2.8ஐ எடுத்து 18 என்று போடுவேன். 1.9 என்பது கோடு கச்சிதமாகப் பொருந்திய ஒரே நாளின் எண், அதை நம்பி மாதிரியைச் சுருக்கக் கூடாது.

முதல் நாள் கேள்விக்கே திரும்பினால், சிக்மா உண்மையில் 6 என்றால் 16 பாட்டிலில் 3 மி.லி. குறைவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 52 சதவீதம். நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம் மேல். 0.062ஐ "எந்திரம் சரி" என்று படித்திருந்தால் அந்தச் சுண்டலில் தோற்றிருப்பீர்கள்.

பழைய அட்டவணை | ஜூன் 6, பிற்பகல் 2.30

மறுகோடியையும் சொல்லிவிட வேண்டும். 1600 பாட்டில் எடுத்தால் சிக்மா 6க்குக்கூடத் திட்டப் பிழை 0.15. 0.3 மி.லி. வித்தியாசம் இசட் 2 ஆகிவிடும், பி மதிப்பு 0.046. எடைபோடும் தராசு அரை மி.லி. தவறாகக் காட்டினால் இவ்வளவு பெரிய மாதிரி கண்டுபிடிப்பது தராசின் தவறைத்தான். சிதறலை மாதிரி அளவு குறைக்கும். ஒருபக்கச் சாய்வை எத்தனை ஆயிரம் பாட்டிலும் குறைக்காது. எடையை அடர்த்தியால் வகுத்து மி.லி. எடுக்கிறீர்கள் என்றால் திரவத்தின் வெப்பநிலையையும் குறியுங்கள்.

ஓரவால் | ஜூன் 6, மாலை 4.15

இயல்நிலைப் பரவல் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டு வரி போதும்.

பரவல் இருபக்கமும் ஏறத்தாழ ஒத்திருந்தால் 16க்கு டீ தாங்கும். வலப்பக்கம் நீண்ட வால் இருந்தால், டீ மதிப்பின் பரவல் இடப்பக்கம் சாயும். சராசரி தாழ்வாக விழும் மாதிரிகளில் திட்ட விலக்கமும் சிறிதாக விழுவதுதான் காரணம். அதனால் "குறைவாக நிரப்புகிறது" என்ற பொய்யான கண்டுபிடிப்பு கூடும். சாய்வின் அளவு தோராயமாக மூலப் பரவலின் கோட்டத்தை (சமச்சீரின்மையின் அளவு) இரண்டால் பெருக்கி, மாதிரி அளவின் மூலத்தால் வகுத்தது. கோட்டம் 2 உள்ள பரவலில் 30 எடுத்தாலும் −0.73 எஞ்சும். "30 வந்துவிட்டது, இனி கவலையில்லை" என்ற மந்திரம் இங்கேயும் பலிக்காது.

டீயைத் தவிர்த்துக் குறிச் சோதனை போட்டால்? 16இல் 12 பாட்டில் 500க்குக் கீழ், இருபக்கப் பி மதிப்பு 0.077. அது இடைநிலையைப் பற்றிய சோதனை, சராசரியைப் பற்றியது அல்ல. சுயேச்சை இல்லாத எண்களுக்கு அதுவும் மருந்தாகாது, 'வரிசை' சொன்னது அதற்கும் பொருந்தும்.

கேட்டவர் | ஜூன் 6, மாலை 6.00

ஒரு பெட்டியில் 40 பாட்டில், அதிலிருந்துதான் 16 எடுக்கிறேன் என்றால் திட்டப் பிழை குறையும் என்று ஒரு திருத்தம் படித்தேன். போட வேண்டுமா?

பழைய அட்டவணை | ஜூன் 6, மாலை 6.25

எதைப் பற்றி முடிவு சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்தப் பெட்டியை ஏற்பதா திருப்பி அனுப்புவதா என்றால், (40 − 16) ÷ (40 − 1)இன் மூலம், 0.78. திட்டப் பிழையை அதால் பெருக்குங்கள். எந்திரத்தைப் பற்றி என்றால் தொகுதி இனி நிரம்பப்போகும் பாட்டில்கள் எல்லாம், திருத்தம் கிடையாது. மாதிரி தொகுதியில் 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் இரண்டு வழியிலும் வித்தியாசம் தெரியாது.

வரிசை | ஜூன் 7, காலை 9.15

அடுத்த மாதிரிக்கு: மணிக்கு ஒரு தடவை அடுத்தடுத்து 5 பாட்டில். நேரம், முனை எண், தொட்டி மட்டம், வெப்பநிலை நாலும் பக்கத்தில். ஒவ்வொரு ஐந்தின் சராசரியும் வீச்சும் (பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம்) வரைபடத்தில். நடுக்கோடு 500, எல்லை நடுக்கோட்டிலிருந்து 0.577 × சராசரி வீச்சு, மேலும் கீழும். சராசரி வீச்சை 2.326ஆல் வகுத்தால் பாட்டிலுக்குப் பாட்டில் உள்ள சிக்மா. 20 ஐந்துகள் சேரும் வரை எல்லைகளைத் தற்காலிகமாகவே வையுங்கள். புள்ளிகள் எல்லைக்குள் எந்தச் சரிவும் இல்லாமல் இருந்தால் அதற்குப் பிறகு டீ சோதனை போடலாம். அப்போது டீ.எஃப். கணக்கில் ஐந்து பாட்டில் கொண்ட ஒவ்வொரு குழுவின் சராசரியையும் ஒரே எண்ணாக எடுங்கள், 100 பாட்டிலை 100 என்று எண்ண வேண்டாம்.

கேட்டவர் | ஜூன் 7, காலை 11.50

தொட்டியை நடுவில் நிரப்பச் சொல்லி மூன்று பாட்டில் எடுத்தேன்: 501.1, 499.4, 500.8. இதற்கு டீ போடலாமா?

பழைய அட்டவணை | ஜூன் 7, பகல் 12.00

டீ.எஃப். 2, எல்லை 4.303. போடலாம், அது எதையும் சொல்லாது. மட்டம் எவ்வளவு என்று குறித்தீர்களா?

கேட்டவர் | ஜூன் 7, பகல் 12.10

குறித்தேன். இந்தத் தடவை முனை எண்ணும் இருக்கிறது.